24 ஆண்டுப் பணிக்குப் பின் விருப்ப ஓய்வை ஏற்கலாமா?

கேள்வி (கே.ஆர்.புரம், பெங்களூரு)

வணக்கம். வைட்ஃபீல்டு பக்கம் உள்ள ஒரு பெரிய பொறியியல் தொழிற்சாலையின் டூல் ரூமில் (அச்சுகளும் கருவிகளும் செய்யும் பிரிவில்) 2001ஆம் ஆண்டு முதல் வேலை செய்து வருகிறேன். வயது 51, ஓய்வு வயது 58. சென்ற வாரம் நிர்வாகம் விருப்ப ஓய்வுத் திட்டம் ஒன்றை அறிவித்து, முடிவு சொல்ல இருபது நாள் மட்டுமே கொடுத்திருக்கிறது. நிறைவு செய்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 45 நாள் சம்பளம் என்பது கணக்கு. என் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்து 52,000 ரூபாய் என்பதால், 24 ஆண்டுகளுக்கு 18,72,000 ரூபாய் வரும். விண்ணப்பிக்காதவர்கள் வேறு மாநில ஆலைக்கு மாற்றப்படலாம் என்று மனிதவளப் பிரிவில் வாய்மொழியாகச் சொல்கிறார்கள். சம்மதித்தால், அதே குழுமத்தின் ஓசூர் நிறுவனத்தில் ஒப்பந்த முறையில் எடுத்துக்கொள்வதாகவும் சொல்கிறார்கள். அவர்களே தட்டச்சு செய்து கொடுத்த கடிதத்தில் "சொந்தக் காரணங்களுக்காக ராஜினாமா செய்கிறேன்" என்று இருக்கிறது.

மகன் பொறியியல் இரண்டாம் ஆண்டு, மகள் பத்தாம் வகுப்பு. மனைவிக்குச் சர்க்கரை நோய். வாணியம்பாடியில் தனியாக இருக்கும் அம்மா, ஊருக்கே வந்துவிடு என்கிறார். இவ்வளவு பெரிய தொகையை நான் மொத்தமாகப் பார்த்ததே இல்லை. அதனாலேயே என் மதிப்பீட்டை என்னால் நம்ப முடியவில்லை. என்ன செய்யலாம்?

மறுமொழி 1 (அல்சூர், ஓய்வுபெற்ற கணக்கர்)

ஐயா, அந்தக் கடிதத்தில் தயவுசெய்து கையெழுத்திட வேண்டாம். விருப்ப ஓய்வுத் தொகையில் 5 லட்சம் ரூபாய் வரை வருமான வரி கிடையாது. வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் இந்தச் சலுகை. ஆனால் நீங்கள் திட்டத்தின்கீழ் ஓய்வு பெற்றீர்கள் என்று ஆவணம் சொல்ல வேண்டும். சொந்தக் காரணத்துக்காக ராஜினாமா என்று எழுதிக் கொடுத்துவிட்டால், பிறகு வரி அதிகாரியிடமும், தகராறு வந்தால் தொழிலாளர் நீதிமன்றத்திலும், உங்கள் கையெழுத்தே உங்களுக்கு எதிராக நிற்கும். விருப்ப ஓய்வு, ராஜினாமா இரண்டுமே சட்டப்படி ஆட்குறைப்பு ஆகாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஓசூர் வேலை எனக்குப் பெரும் கவலை அளிக்கிறது. ஓய்வு பெற்றவரை அதே நிர்வாகத்தின் வேறு நிறுவனத்தில் பணியமர்த்தக் கூடாது என்பது இந்த வரிவிலக்குக்கான விதிகளில் ஒன்று. அங்கே சேர்ந்தால் விலக்கை இழக்க நேரிடும்.

பணிக்கொடை (கிராஜுவிட்டி) தனி. 52,000ஐ 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, 24 ஆண்டுகளுக்குக் கணக்கிட்டால் 7,20,000 ரூபாய் வருகிறது. ராஜினாமா செய்தாலும் அது உங்கள் உரிமை. எனவே அதைத் திட்டத்தின் சலுகையாக யாராவது காட்டினால் ஏற்காதீர்கள்.

இனி, மாதக் கணக்கைப் பாருங்கள். வரி போக இரண்டும் சேர்ந்து 24 லட்சம் கையில் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், 7 விழுக்காடு வட்டியில் மாதம் 14,000 ரூபாய்தான். வைப்பு நிதி ஓய்வூதியமும் பெரிதாக இராது. அந்த ஓய்வூதியத்துக்குக் கணக்கில் எடுக்கும் மாதச் சம்பளத்துக்கு, 2014 செப்டம்பருக்கு முந்தைய பணிக்கு 6,500 ரூபாயும், அதன் பின் 15,000 ரூபாயும் உச்சவரம்பு என்பதால், 58 வயதில் ஏறத்தாழ 3,500 ரூபாய் வரும். இப்போதே கேட்டால், 58க்குக் குறையும் ஒவ்வோர் ஆண்டுக்கும் 4 விழுக்காடு குறைத்து, கிட்டத்தட்ட கால் பங்கைக் கழித்துவிடுவார்கள்.

மறுமொழி 2 (மர்ஃபி டவுன், இல்லத்தரசி)

என் கணவர் பி.எஸ்.என்.எல். ஊழியராக இருந்து, 2020 ஜனவரி 31 அன்று 78,000க்கும் மேற்பட்டோருடன் விருப்ப ஓய்வில் வந்தவர். பணியாற்றிய ஆண்டுக்கு 35 நாள், மீதமிருந்த ஆண்டுக்கு 25 நாள் என்று அப்போது கணக்கிட்டார்கள். உங்கள் உறவினர்கள் எங்களைப் போன்றவர்களைச் சுட்டிக்காட்டி, "அவர்கள் நன்றாகத்தானே இருக்கிறார்கள்" என்று சொல்லக்கூடும். எங்களுக்கு மாதாமாதம் அரசு ஓய்வூதியம் வருகிறது, சகோதரரே. உங்களுக்கு அது இல்லை. ஆகவே எங்களோடு ஒப்பிட்டு முடிவெடுக்காதீர்கள்.

உங்கள் மனைவியின் மருத்துவக் காப்பீட்டை முதலில் கவனியுங்கள். நிறுவனத்தின் குழுக் காப்பீடு பெரும்பாலும் உங்கள் கடைசி வேலை நாளோடு நின்றுவிடும். அதற்கு முன்பே, அதே காப்பீட்டு நிறுவனத்தின் குடும்ப பாலிசிக்கு மாற்றித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். மாற்றினால் இத்தனை ஆண்டு காப்பீட்டில் இருந்தது கணக்கில் வரும். விட்டுவிட்டுப் புதிதாக எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய்க்கு மூன்று ஆண்டு வரை காத்திருக்கச் சொல்லலாம். பணம் வரும் தேதியை உறவினரிடம் சொல்லாதீர்கள் என்பதையும் வருத்தத்தோடு சேர்த்துக்கொள்கிறேன். நாங்கள் கைமாற்றாகக் கொடுத்த 4 லட்சம் இன்னும் திரும்பவில்லை.

மறுமொழி 3 (தாசரஹள்ளி, டூல் அண்டு டை தொழிலாளி)

மேலே இருவரும் சொன்னதை மதிக்கிறேன். ஆனால் "போகாமல் இரு" என்ற பக்கம் மட்டும் மனம் சாய்ந்துவிடக் கூடாது, ஏனெனில் நான் அப்படி இருந்தவன். எங்கள் தொழிற்சாலையில் முதல் சுற்றில் 45 நாள் தந்தார்கள். நல்ல காலம் திரும்பும் என்று நம்பி விண்ணப்பிக்காமல் இருந்தேன். இரண்டு ஆண்டு கழித்து வந்த சுற்றில் 30 நாள்தான். அரசு நிறுவனமான எச்.எம்.டி. வாட்சஸை மூட 2016 ஜனவரியில் மத்திய அமைச்சரவை முடிவெடுத்தபோது, எஞ்சியிருந்தவர்களுக்குச் சலுகையாக 2007ஆம் ஆண்டு ஊதிய விகிதத்தின்படி விருப்ப ஓய்வுத் தொகை கணக்கிட்டுத் தந்தார்கள். தனியார் ஆலையில் கடைசி வரை காத்திருப்பவருக்கு அப்படி யார் தருவார்கள்?

டூல் ரூம் வேலை தெரிந்தவருக்குப் பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டையில் இன்றும் மதிப்பு உண்டு. சம்பளம் குறையும், கேண்டீனும் பேருந்தும் இராது. ஆனால் வேலை இருக்கும். கையெழுத்திடும் முன்பே ஒரு சனிக்கிழமை நேரில் போய் இரண்டு மூன்று இடங்களில் பேசுங்கள். மாதம் 30,000 ரூபாய்க்கு ஒருவர் உறுதி சொன்னால் உங்கள் கணக்கே வேறாகிவிடும்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. மின்னஞ்சலில் கேட்டதன் பேரில், "விருப்ப ஓய்வுத் திட்டத்தின்கீழ் ஓய்வு பெறுகிறேன்" என்று கடிதத்தை மாற்றித் தர ஒப்புக்கொண்டுவிட்டார்கள். ஓசூர் வேலையைப் பற்றி மட்டும் எதையும் எழுதித் தர மறுக்கிறார்கள். அதை இனி கணக்கில் சேர்க்கப் போவதில்லை. காப்பீட்டு மாற்றத்துக்கு இன்று விண்ணப்பம் கொடுத்தேன். வரும் சனிக்கிழமை பீன்யா போகிறேன். தாசரஹள்ளி நண்பருக்கு அன்று நேரம் இருந்தால், எந்தெந்த டூல் ரூம்களில் கேட்கலாம் என்று தனிச்செய்தியில் சொல்லுங்கள்.