பிளேடு பஞ்சாயத்து

*குழு: தாத்தா வீட்டுச் சொந்தங்கள்*

கார்த்தி: (படம்) மாமா, சித்தியின் புது வீட்டுக்கு 'அன்னை இல்லம்' எழுத்துகளை ஸ்க்ரோல் ஸாவில் (மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடி வளைவுகளை வெட்டும் மெஷின்) வெட்டுகிறேன். 12 மி.மீ. எம்டிஎஃப் பலகை. 'அ' நன்றாக வந்தது. 'னை'யின் சுழி திரும்பும்போது ஓரமெல்லாம் கருகிவிட்டது. கடையில் மட்டமான பிளேடைத் தலையில் கட்டிவிட்டார்களோ?

சண்முகம் மாமா: கடைக்காரரை விடு சாமி. கழற்றிய பிளேடை வெளிச்சத்தில் பிடித்து, போன் கேமராவில் பெரிதாக்கிப் படம் எடுத்து அனுப்பு.

கார்த்தி: (படம்)

சண்முகம் மாமா: நடுவில் பல் முனையெல்லாம் வெள்ளையாக மின்னுகிறது பார். கூராக இருக்கும் முனையில் வெளிச்சம் தங்க இடமே இருக்காது. மின்னினால் மழுங்கிவிட்டது என்று அர்த்தம். மேலேயும் கீழேயும் உள்ள பற்கள் அப்படியே புதிதாக இருக்கின்றன.

நித்யா: அட ஆமாம்! ஒரே பிளேடில் பாதி புதுசு, பாதி பழசு.

அம்மா: கார்த்தி, மொட்டை மாடியில் காயப்போட்ட துணியெல்லாம் பழுப்புத் தூள். முதலில் அதற்கு ஒரு பதில் சொல்.

சண்முகம் மாமா: எம்டிஎஃப் என்பது மரநாரோடு பிசின் சேர்த்துச் சூட்டில் அழுத்திய பலகை. இறுகிய பிசின் பல்லை அரித்துக்கொண்டே இருக்கும். பிளைவுட்டிலும் பசை உண்டு, ஆனால் அது அடுக்குக்கு அடுக்குதான். இதில் உள்ளே முழுக்க. பல்லின் ஓரம் உருண்டு போனால் வெட்டும் பள்ளம் குறுகும், பிளேடின் உடம்பு பலகையில் உரசும், சூடேறும். நீ பார்த்த கருகல் அதுதான். அந்த நேரத்தில் பலகையை அழுத்தித் தள்ளினால் பிளேடு கோட்டை விட்டு விலகும், இல்லையென்றால் பட்டென்று அறுந்து போகும்.

கார்த்தி: அழுத்தித்தான் தள்ளினேன் 😬 அப்புறம் என்ன செய்ய? நடுப் பல் போனால் பிளேடே போன மாதிரிதானே?

சண்முகம் மாமா: இல்லை. உன் மெஷினில் பிளேடு மேலும் கீழும் எவ்வளவு போகிறது? முக்கால் அங்குலம் இருக்கும், அதாவது 19 மி.மீ. பலகை 12. இரண்டையும் கூட்டினால் 31 மி.மீ. அந்த 31-க்குள் இருக்கும் பல்தான் மரத்தைத் தொடுகிறது. பிளேடோ 5 அங்குலம், 127 மி.மீ. கால் பங்கு வேலை செய்துவிட்டுச் செத்துப்போகிறது, மிச்சத்தைக் குப்பையில் போடுகிறாய்.

சண்முகம் மாமா: மேசைமேல் 19 மி.மீ. பிளைவுட் துண்டு ஒன்றை டபுள் டேப் போட்டு ஒட்டு. பிளேடு நுழைய நடுவில் கொஞ்சம் பெரிய ஓட்டையாகவே போட்டுவிடு, பல் அதில் உரசக் கூடாது. எழுத்துப் பலகையை அதன்மேல் வைத்து வெட்டு. இப்போது வேலை செய்வது மேலே இருக்கும் புதுப் பல். பழைய இடத்தோடு 12 மி.மீ.தான் ஒட்டிவரும்.

நித்யா: மாமா, என் ப்ராஜெக்டுக்கு ஒரு பிசிபி போர்டு (எலக்ட்ரானிக் சர்க்யூட் போர்டு) வெட்ட வேண்டும். அண்ணா மெஷினில் அதையும்...

சண்முகம் மாமா: வேண்டாம் கண்ணு. பச்சைப் போர்டில் இருப்பது கண்ணாடி நார். இந்தப் பிளேடு அதில் கொஞ்ச தூரம்கூடத் தாங்காது. அதற்கு வைரத்தூளோ டங்ஸ்டன் கார்பைடுத் தூளோ பூசிய பிளேடு வேண்டும். வெட்டும்போது பறக்கும் கண்ணாடி நார்த் தூள் நெஞ்சுக்குள் போனால் ஆபத்து. காலேஜ் லேபிலேயே கேள்.

செல்வி அத்தை: அது சரி, பெயரை எங்கே மாட்டப்போகிறீர்கள்? கேட்டுக்கு வெளியே என்றால் ஒரு ஐப்பசி மழைக்கே எம்டிஎஃப் ஊதிவிடும்.

கார்த்தி: வெளியேதான் 🤦

அம்மா: பரண்மேல் உங்கள் தாத்தா வீட்டுத் தேக்குக் கதவு ஒன்று கிடக்கிறது. ஒற்றைக் கதவு. அண்ணா, அதை எடுத்துக்கொள்ளலாமா?

சண்முகம் மாமா: தாராளமாக. எம்டிஎஃப் எழுத்து ஹாலுக்கு இருக்கட்டும். ஆனால் கார்த்தி, தேக்கும் பிளேடு தின்னும் மரம்தான். அதற்குள்ளேயே சிலிக்கா இருக்கிறது, மணலில் இருக்கும் அதே பொருள். ஃபவுண்டரியில் பேட்டர்னுக்கு, அதாவது வார்ப்பு அச்சு எடுக்கும் மர மாதிரிக்கு, தேக்கு இழைத்த காலத்தில் சாயங்காலம் ஆனால் உளியை எல்லாம் சாணைக்குக் கொண்டுபோவோம். போதாக்குறைக்கு அந்தக் கதவின் விரிசலில் சுண்ணாம்பும் மண்ணும் அடைந்து கிடக்கும். முதலில் கம்பி பிரஷ் போட்டுத் தேய், ஆணி இருக்கிறதா என்று காந்தம் வைத்துப் பார், அப்புறம்தான் மெஷின் பக்கம் வர வேண்டும்.

கார்த்தி: ஸ்பீடு?

சண்முகம் மாமா: பாதிக்குக் குறை. சூடு குறையும். அதற்காக ஒரே இடத்தில் உரசிக்கொண்டு நிற்காதே, பல் கடிக்க வேண்டும். தேக்கின்மேல் பேக்கிங் டேப் ஒட்டிவிட்டு வெட்டினால் கருகல் குறையும். காரணம் ஆளுக்கொன்று சொல்வார்கள், எனக்குப் பலன் தெரியும்.

கார்த்தி: நான் வாங்கியது ரிவர்ஸ் டூத் பிளேடு மாமா. பலகையை உயர்த்தினால் அது சரிவருமா?

சண்முகம் மாமா: நல்ல கேள்வி. அதில் அடியில் இருக்கும் நாலைந்து பல்தான் மேல்நோக்கி இருக்கும், அடிப்பக்கம் சிம்பு எழாமல் இருக்க. உயர்த்திவிட்டால் அந்தப் பல் பலகையை எட்டாது. எம்டிஎஃப்புக்குக் கவலையில்லை. தேக்கை மேசையிலேயே வைத்து வெட்டு, உயர்த்த வேண்டாம். 5-ஆம் நம்பர் பிளேடுக்குப் பதில் கொஞ்சம் அகலமான 7-ஆம் நம்பர் போடு. உன் எழுத்துச் சுழி பெரிதுதான், திரும்பிவிடும்.

அம்மா: மாஸ்க் இல்லாமல் மெஷின் ஓடினால் நான் ஸ்விட்சை அணைத்துவிடுவேன்.

செல்வி அத்தை: துணிக்கும் ஒரு மாஸ்க் வாங்கிக் கொடு கார்த்தி 😂

*மாலை 6:40*

கார்த்தி: (படம்) உயர்த்திப் போட்டேன். அதே பிளேடில் 'இல்லம்' முழுக்க வந்துவிட்டது, கருகவே இல்லை. மெய்யெழுத்துப் புள்ளிகள் மட்டும் தனித்தனியாகக் கிடக்கின்றன. ஒன்று மெஷினுக்கு அடியில் உருண்டுவிட்டது.

சண்முகம் மாமா: அருமை. இனி அந்தப் பிளேடை விட்டுவிடு, மேலேயும் தேய்ந்திருக்கும். அப்படியே குப்பையில் போடாதே, எடுப்பவர் கையைக் கிழிக்கும். பழைய மாத்திரை டப்பாவில் போட்டு மூடி வை.

நித்யா: புள்ளி கிடைத்துவிட்டது. நாய்க்குட்டி வாயில்.