வண்டி டைனமோ, கூரை சோலார், பின் பேட்டரி: மலை ஏறி இறங்குறவங்க அனுபவத்தைச் சொல்லுங்க

கம்பத்து வேன்காரன்:
நம்ம வண்டி 2021 மாடல் பிஎஸ்6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) வேன். பின்னாடி ரெண்டு பேர் படுக்கப் பலகை, சின்ன கம்ப்ரசர் பிரிட்ஜ், ஃபேன், லைட்டு. இதுக்குத் தனியா 12 வோல்ட் 100 ஏஎச் (ஆம்பியர்-மணி, பேட்டரி கொள்ளளவு) லித்தியம் பேட்டரி, எல்எஃப்பி (லித்தியம் இரும்பு பாஸ்பேட்) வகை. மேல 200 வாட் சோலார் பேனல், அதுல இருந்து முடிஞ்ச வரைக்கும் கறந்து பேட்டரிக்குக் குடுக்குற எம்பிபிடி கன்ட்ரோலர். ஓட்டம் பூரா குமுளி, வண்டிப்பெரியாறு, இல்லன்னா போடிமெட்டு ஏறி மூணாறு.

இந்த ரூட்டுல போறவங்களுக்குத் தெரியும், லோயர் கேம்ப் வரைக்கும் வெயில் மண்டையப் பொளக்கும், மேல ஏறி செக்போஸ்ட் தாண்டுனா ஜூன் ஜூலைல வைப்பரை நிறுத்த முடியாது. கம்பத்துல மத்தியானம் பத்து ஆம்பியர் அசால்ட்டா குடுக்குற அதே பேனல் வண்டிப்பெரியாத்து மூட்டத்துல ஒண்ணு ஒன்றரை காட்டுனாலே பெரிசு. பிரிட்ஜ் மட்டுமே ஒரு நாளைக்கு முப்பது முப்பத்தஞ்சு ஏஎச் தின்னுரும், அதனால அந்தப் பக்கம் போயிட்டா டைனமோவ (இன்ஜின் சுத்துறப்ப கரண்டு குடுக்குற ஆல்டர்னேட்டர) நம்பித்தான் பொழப்பு.

வண்டி கட்டிக் குடுத்தவங்க போட்டது வெறும் ரிலே, சாவி போட்டா ரெண்டு பேட்டரியையும் சேத்து விடும், அவ்ளோதான். தேனி டு திண்டுக்கல் நல்ல ரோடு, சீரா 80ல போறேன், பின் பேட்டரி ஏறவே இல்ல. கரண்டு அளக்குற கிளாம்ப் மீட்டர மாட்டிப் பாத்தா மைனஸ்ல காட்டுது. அதாவது பின் பேட்டரில இருந்து வண்டிக்கு கரண்டு போய்க்கிட்டு இருக்கு! காரணம் என்னன்னா டீசல் மிச்சம் பண்ண இசியு (இன்ஜின் கம்ப்யூட்டர்) டைனமோ வோல்டேஜைக் குறைச்சு வச்சிருது, 12.6, 12.8ன்னு நிக்குது, லித்தியம் பாதி சார்ஜ்லயே 13க்கு மேல இருக்கும், அப்ப தண்ணி எந்தப் பக்கம் ஓடும்? ஆனா போடிமெட்டு 17 கொண்டை ஊசி வளைவையும் கியர்ல இறங்குறப்ப, ஆக்சிலேட்டர்ல இருந்து கால எடுத்த உடனே 14.5க்கு மேல ஏறி அறுபது ஆம்பியர் பாயுது. பிரேக் பிடிக்கிற சக்தில சார்ஜ் பண்ற ஐடியாவாம். எல்லா பிஎஸ்6 வண்டியும் இப்படித்தான்னு இல்ல, உங்க வண்டில மீட்டர வச்சு ஓட்டிப் பாத்துருங்க.

இப்ப 30 ஆம்பியர் டிசி டு டிசி சார்ஜர் போட்டாச்சு. உள்ள 12.6 வந்தாலும் அது தூக்கி 14.2 குடுக்குது. ரெண்டு மணி நேர ஓட்டத்துக்கு அறுபது ஏஎச் கிட்ட ஏறிருது, மழை வந்தா வந்துட்டுப் போகட்டும்.

செங்கோட்டை பழைய வண்டி:
தம்பி, நம்மகிட்ட இருக்கது பிஎஸ்3 வண்டி, அதுல கம்ப்யூட்டரும் கிடையாது ஒண்ணும் கிடையாது, டைனமோ எப்பவும் 14.2 குடுத்துக்கிட்டே இருக்கும். பின்னாடி 150 ஏஎச் டியூபுலர் (லெட் ஆசிட் பேட்டரி), நடுவுல அந்த ரிலேதான், வருசக்கணக்கா ஓடுது. பழைய வண்டி வச்சிருக்கவங்க இதப் படிச்சிட்டு காசக் கொண்டு போய்க் கொட்டாதீங்க.

ஒண்ணு மட்டும் சொல்லுதேன். லெட் ஆசிட் எம்பது பெர்சன்ட் வரைக்கும்தான் வேகமா ஏறும், மிச்ச இருபதுக்கு மணிக்கணக்கா ஆவும். செங்கோட்டைல எடுத்து ஆரியங்காவு ஏறி தென்மலை போறதுக்குள்ள அந்த இருபது என்னைக்கு நிறைய? அதுக்குத்தான் பேனல். காலைல வண்டி ஓட்டத்துல பாதி, மத்தியானம் நிப்பாட்டிப் போட்ட இடத்துல சோலார் மெதுவா நிரப்பிரும். குத்தால சீசன் சாரல்ல கூட நடுநடுவுல வெயிலடிக்கும்லா, அது போதும். முழுசா நிரப்பாம அரையும் குறையுமாவே விட்டா பிளேட்டுல சல்பேட் புடிச்சிப் போவும். பெறவு டியூபுலர ஆள் படுக்குற கேபினுக்குள்ள வைக்காதீங்க, சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். நான் வெளிப்பக்கம் பொட்டி அடிச்சு காத்தோட்டமா வச்சிருக்கேன்.

கூடலூர் ஆட்டோ எலெக்ட்ரிக்:
அண்ணாச்சி சொல்றது அவரு வண்டிக்குச் சரி. அதப் பாத்துட்டு அதே ரிலேல லித்தியத்த மாட்டிட்டு வர்றாங்க பாருங்க, அங்கதான் பிரச்சன. லெட் ஆசிட் கொஞ்ச நேரத்துல தானா கரண்டக் குறைச்சுக்கும். லித்தியம் புனல் வச்சு ஊத்துன மாதிரி குடிச்சுக்கிட்டே இருக்கும், டைனமோ எவ்ளோ குடுக்குதோ அவ்ளோவும் வேணும் அதுக்கு.

ஐயப்பன் சீசன்ல ஒரு வேன் வந்துச்சு நம்ம பட்டறைக்கு. சீசன்ல போற வண்டிய கம்பமெட்டு வழியா ஏத்தி விட்டு, திரும்புறத குமுளி வழியா இறக்குவாங்கல்ல, அந்த மேட்டுல வரிசைல மாட்டிருக்காங்க. ஏசி ஓடுது, ஹெட்லைட் எரியுது, பின்னாடி 200 ஏஎச் லித்தியம் காலியா இருக்கு, வண்டி ஐட்லிங்ல ஊருது. டைனமோவக் குளிர வைக்கிற ஃபேன் அந்த ஷாஃப்ட்லயேதான் இருக்கு, இன்ஜின் மெதுவா சுத்துனா ஃபேனும் மெதுவாத்தான் சுத்தும், ஆனா லோடு மட்டும் முழுசா. கழட்டிப் பாத்தா டயோடு பிளேட்டு கருகி வார்னிஷ் வாசம் குப்புன்னு அடிக்குது. பேருக்கு 120 ஆம்பியர்னு போட்டிருப்பான், சூடான பிறகு ஐட்லிங்ல அதுல பாதிகூட வராது.

சாமிமாரு சத்தியம் பண்றாங்க, மேடு ஏறுனதாலதான் போச்சுன்னு. மேடு இல்ல சாமி, ரெண்டாவது கியர்ல இன்ஜின் நல்லா சுத்தி ஏறுனா டைனமோவுக்குக் காத்து கிடைக்கும். நின்னு நின்னு ஊருறதுதான் எமன். 30 ஆம்பியர் சார்ஜர் போட்டா முப்பதுக்கு மேல லித்தியம் கேட்டாலும் கிடைக்காது, அந்தக் கட்டுப்பாட்டுக்குத்தான் அந்தப் பொட்டிக்கு காசு. இன்னொண்ணும் இருக்கு, லித்தியத்த நேரா மாட்டி, அது நிறைஞ்சு பிஎம்எஸ் (பேட்டரிக்குள்ள இருக்குற பாதுகாப்பு சர்க்யூட்) திடீர்னு கட் பண்ணுச்சுன்னா, ஓடிக்கிட்டிருந்த கரண்டு போக இடம் இல்லாம வோல்டேஜ் சட்டுனு எகிறும், டயோடு, ரெகுலேட்டர்னு எது வேணா போகும்.

வாளையார் லாரி:
நம்முளுது 24 வோல்ட்டுங்க, ரெண்டு 12 வோல்ட் பேட்டரிய வரிசையாச் சேத்தது. நம்மாளுங்க நெறைய பேரு செய்யறது என்னன்னா, ரெண்டு பேட்டரில ஒண்ணுல இருந்து மட்டும் 12 வோல்ட் இழுத்து பாட்டுப் பொட்டி, ஃபேன், சின்ன பிரிட்ஜ் எல்லாம் ஓட்டறது. சல்லிசா முடியுமுங்க, ஆனா அந்த ஒண்ணு இறங்கிக்கிட்டே போகும், டைனமோ ரெண்டையும் சேத்து 28ன்னு பாத்து சார்ஜ் பண்ணும், இறங்குனது பத்தாமயே நிக்கும், நல்லா இருக்கறது ஓவர் சார்ஜ் ஆகி தண்ணி குடிக்கும். கடைசில ரெண்டும் போச்சு. 24க்கு உள்ள வாங்கி 12 சார்ஜ் பண்ற டிசி டு டிசி தனியா இருக்குதுங்க, கேட்டு வாங்குங்க, வேன்காரர் போட்டிருக்கற 12க்கு 12 இதுக்கு ஆகாது.

போடி ஏலக்காய்:
சோலார் பத்தி யாரும் பெரிசா சொல்லல. எங்க தோட்டத்துப் பக்கம் வண்டிய நிறுத்துனாலே மரநிழல்தான், ஏலத்துக்கு நிழல் வேணுமே. ஒரு கிளை நிழல் பேனல்ல குறுக்க விழுந்தாப் போதும், பாதிக்கு மேல போயிரும். எனக்கு 100 வாட் ரெண்டு, ரெண்டையும் பேரலலா மாத்துன பிறகு ஒண்ணுல நிழல் இருந்தாலும் இன்னொண்ணு அது பாட்டுக்குக் குடுக்குது. நம்ம ஊரு 10 டிகிரி அட்சரேகைலதான் இருக்கு, சூரியன் வருசத்துல பெரும்பகுதி உச்சிய ஒட்டியே போகும், பேனலச் சாய்க்கிறேன் தூக்குறேன்னு ஸ்டாண்டு அடிக்க வேண்டாம், படுக்கையாவே மாட்டலாம். ஆனா கூரைக்கும் பேனலுக்கும் நடுவுல ரெண்டு விரக்கட இடம் விடுங்க. பேனல் 65 டிகிரி சூடாச்சுன்னா 25 டிகிரில எழுதியிருக்கிற வாட்டுல ஆறுல ஒரு பங்கு காணாமப் போயிரும். கம்பத்து அண்ணனுக்கு 200 வாட்ல பத்து ஆம்பியர் வர்றதுக்கு இதுவும் ஒரு காரணம், பேனல் குத்தம் இல்ல.

இன்னொரு சந்தேகம் அண்ணே, முன்னாடி பேட்டரில இருந்து பின்னாடிக்கு என்ன வயர் இழுத்தீங்க? எனக்கு 6 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர் தடிமன்) போதும்னு சொல்றாங்க.

கம்பத்து வேன்காரன்:
பத்தாது தம்பி. 30 ஆம்பியர் வெளிய குடுக்க அந்தப் பொட்டி உள்ள 35, 40 இழுக்கும். போக வர பத்து மீட்டர்னு வச்சுக்க, 6 ஸ்கொயர்ல ஒரு வோல்ட் வயர்லயே செத்துரும், 16 ஸ்கொயர்ல 0.4தான். ஏற்கனவே 12.6 குடுக்குற வண்டில ஒரு வோல்ட்ட விட்டுட்டா சார்ஜர் லோ வோல்டேஜ்னு நின்னு நின்னு ஓடும். சுத்தமான காப்பர் வெல்டிங் கேபிள் வாங்கு, வளையும். லக்க (கேபிள் முனைல மாட்டுற வளையத்த) சுத்தியல்ல தட்டாம ஹைட்ராலிக்ல அமுக்கச் சொல்லு. ஃப்யூஸ் ரெண்டு பக்கமும், பேட்டரிய ஒட்டியே. ரெண்டு பக்கமும் பேட்டரிதான, நடுவுல வயர் உரசி பாடில பட்டா எந்தப் பக்கம் இருந்து வேணா தீப்பிடிக்கும்.

கூடலூர் ஆட்டோ எலெக்ட்ரிக்:
நெகட்டிவையும் பின்னாடி சேசிஸ்ல அடிச்சிட்டு விட்றாதீங்க தம்பி. மழைல துரு ஏறுனா அந்த போல்ட்டுதான் முதல்ல சூடாகும். நெகட்டிவும் தனி கேபிளா இழுத்துருங்க.