அப்டேட்: பார்ட்ஸ் மாத்தின அந்த கிட்டார் வித்தாச்சு

பாடிய தவிர நெக் (விரல் வச்சு வாசிக்கற நீள கட்டை), பிக்கப் (கம்பி அதிர்வ பிடிக்கற காந்த பாகம்), பிரிட்ஜ் (பாடி மேல கம்பிய தாங்கற பாகம்)னு எல்லாமே மாத்தின எலக்ட்ரிக் கிட்டார முழுசா விக்கவா, கழட்டி தனித்தனியா விக்கவான்னு முன்னாடி கேட்டிருந்தேன்ல, முழுசாவே போயிடுச்சு. போட்ட காசு திரும்பி வரல, அது தெரிஞ்சதுதான், கழட்டி வித்திருந்தா அதிகமாவே கிடைச்சிருக்கும் ஆனா வெறும் பாடிய வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது.

விக்கறதுக்கு முன்னாடி ஒரே ஒரு வேலைதான் பாத்தேன். பிரிட்ஜ் பக்கம் ஹம்பக்கர் (ரெண்டு காயில் வச்ச பிக்கப்) போட்டப்போ, வால்யூம் குமிழுக்கு அடியில இருக்கற பழைய 250கே பாட்-ஐ (250 கிலோ ஓம் ரெசிஸ்டர்) மாத்தாம விட்டுட்டேன், சவுண்ட் மந்தமா இருந்துச்சு, இப்போ 500கே மாத்தினதும் நல்லா தெளிவாயிடுச்சு, ஆனா மத்த ரெண்டு சிங்கிள் காயில் பிக்கப்பும் கொஞ்சம் கூச்சலாயிடுச்சு, அதையும் வாங்க வந்தவர்கிட்ட சொல்லிட்டேன்.

ஹெட்ஸ்டாக்ல (நெக்கோட தலைப்பக்கம்) பிராண்ட் ஸ்டிக்கர் ஒட்டிடு, சீக்கிரம் போகும்னு ஒருத்தர் ஐடியா குடுத்தாரு. சாரி, அது ஃபிராடு. நெக்க பாடியோட சேத்து பிடிக்கற நெக் பிளேட்ல இருக்கற சீரியல் நம்பர் கூட அந்த தகடுக்கு மட்டும்தான் சொந்தம், முழு கிட்டாருக்கு இல்லன்னு வந்தவர்கிட்ட சொன்னேன், சிரிச்சாரு.

மனுஷன் விவரமானவரு, ஸ்க்ரூடிரைவரோட வந்து நெக்க கழட்டி, அது உக்கார்ற பள்ளத்த (பாக்கெட்) பாத்தாரு. உள்ள நான் எப்பவோ ஷிம்முக்கு (நெக்கோட சாய்வ சரி பண்ண வைக்கற மெல்லிசு தகடு) பதிலா மடிச்சு வச்ச விசிட்டிங் கார்டு! மானம் போச்சு. அதுக்கு கொஞ்சம் விலைய குறைச்சாரு, நானும் பேசல, பழைய பிக்கப்பயும் ஒரு கவர்ல போட்டு குடுத்துட்டேன்.