அறிமுகமானவர் கொண்டுவரும் முதலீட்டுத் திட்டத்தை நம்பலாமா?

கேள்வி:
எங்கள் சங்கத்தில் அனைவரும் மதிக்கும் ஒருவர், மாதந்தோறும் உறுதியான இலாபம் தருவதாகக் கூறிப் பணம் திரட்டுகிறார். முன்பே கொடுத்தவர்களுக்குத் தொகை தவறாமல் வருகிறது. இதைச் சந்தேகிக்க இடம் உண்டா?

மறுமொழி 1:
ஐயா, நிச்சயம் உண்டு. 1920இல் பாஸ்டனில் சார்லஸ் பொன்சி, 45 நாட்களில் 50 விழுக்காடு இலாபம் என்று வாக்களித்து, புதிதாகச் சேர்ந்தவர்களின் பணத்தையே பழையவர்களுக்கு இலாபமாகக் கொடுத்துவந்தார்; ஆகவே தொகை தவறாமல் வருவது நேர்மைக்குச் சான்றாகாது. அழைப்பவரே ஏமாற்றப்பட்டவராகவும் இருக்கக்கூடும் என்பதுதான் எனக்குப் பெரிதும் வருத்தம் தருகிறது.

மறுமொழி 2:
உரிமம் உள்ளதா என்பதை அவர் காட்டும் தாளில் பார்க்காமல், நிதி ஒழுங்குமுறை அமைப்பின் பதிவேட்டில் நீங்களே தேடுங்கள். "இன்றே கடைசி நாள், வீட்டில் சொல்ல வேண்டாம்" என்றால் உடனே விலகிவிடுங்கள்.

மறுமொழி 3:
ஏற்கெனவே பணம் கொடுத்தவர்கள், அதை விடுவிக்க வரி கட்டும்படி திட்டத்தை நடத்துபவர் கேட்டால் மேலும் கொடுக்காமல், வங்கியிடமும் காவல்துறையிடமும் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும்.