ஒரு வெள்ளத்தில் காலநிலை மாற்றத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியுமா?

மூதூர் வயல்காரன்:
வணக்கம். மகள் உயர்தரத்தில் புவியியல் படிக்கிறாள். லண்டன் இம்பீரியல் கல்லூரியில் பிரெடெரிகே ஒட்டோ என்ற விஞ்ஞானி, ஒரு குறிப்பிட்ட மழையையோ வெயிலையோ எடுத்து, பூமி சூடானதால் அது எவ்வளவு கூடியது என்று கணக்கிடுகிறார் என்று வாசித்துக் காட்டினாள். எனக்குப் பிடிபடவில்லை. டித்வா சூறாவளி வந்து இத்தனை நாளாகியும் எங்கள் சுவரில் சேறு நின்ற கோடு இடுப்பளவில் அப்படியே இருக்கிறது. சாப்பாட்டுக்கு அடுக்கியிருந்த நெல் சாக்குக்குள்ளேயே முளைத்து, வெள்ளை வேர் சணல் இழைக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. இதில் இவ்வளவு இயற்கை, இவ்வளவு புகை என்று எப்படிப் பிரிப்பது? 64ஆம் ஆண்டும் சூறாவளி வந்ததுதானே?

நிலாவெளி ஆசிரியை:
அண்ணன், ஒரே வெள்ளத்தை இரண்டாகப் பிரிப்பதில்லை. இன்றைய பூமியையும், நிலக்கரியும் எண்ணெயும் எரிக்காதிருந்தால் இருந்திருக்கக்கூடிய, ஒரு பாகைக்கு மேல் குளிர்ந்த பூமியையும் கணினியில் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, அதே மாதிரி மழை எதில் அடிக்கடி வருகிறது, எவ்வளவு கனமாக வருகிறது என்று பார்க்கிறார்கள், பழைய மழைப் பதிவுகளோடும் ஒத்துப் பார்க்கிறார்கள். 2024 வயநாடு மண்சரிவுக்கு முன் கொட்டிய மழை பூமி சூடானதால் சுமார் 10 வீதம் கனத்தது என்று ஒட்டோவின் குழு சொன்னது இப்படித்தான். முறை புதிதுமில்லை, 2003 ஐரோப்பிய வெயிலுக்கான ஆய்வு 2004இலேயே வந்துவிட்டது.

உப்புவெளி பெரியவர்:
1964 டிசம்பர் 22 சூறாவளி நம் திருகோணமலைப் பக்கம் கரையேறித்தான் மேற்கே போய்த் தனுஷ்கோடியை அழித்தது, ரயிலே கடலுக்குள் போனது. ஆகவே சூறாவளி புதிதில்லை, தம்பி சொல்வது சரிதான். ஆனால் 2020 டிசம்பரில் புரெவி குச்சவெளிப் பக்கம் ஏறியபோது பெரிய சேதமில்லாமல் தப்பினோம், அதை வைத்து எல்லாச் சூறாவளியையும் எடைபோட்டு, காற்று எங்கே கரையேறும் என்பதை மட்டுமே பார்த்துக்கொண்டு இருந்துவிட்டோமோ என்று எனக்கு மனவருத்தம்.

நிலாவெளி ஆசிரியை:
ஐயா சொன்னது முக்கியம். சூறாவளிகளின் எண்ணிக்கை கூடும் என்று விஞ்ஞானிகள் உறுதியாகச் சொல்வதில்லை. அவர்கள் உறுதியாகச் சொல்வது மழையைப் பற்றி. காற்று ஒரு பாகை சூடானால் சுமார் 7 வீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும், அப்புறம் அதெல்லாம் ஒரே மூச்சில் கொட்டும். மலையில் கொட்டினால் எங்கே வரும்? மகாவலி 335 கிலோமீட்டர் ஓடிக் கொட்டியாரக் குடாவில்தான் விழுகிறது. வெருகல், மூதூர், கிண்ணியா ஆட்களுக்கு மலைநாட்டு மழைதான் முதல் எச்சரிக்கை. ஆற்றுவாயில் கடலும் கொந்தளித்து உயர்ந்து நின்றால் தண்ணீர் வடிய இடமில்லை.

மூதூர் வயல்காரன்:
உண்மை தங்கச்சி. எங்களுக்கு வீட்டுக்குள் தண்ணீர் ஏறியது மழை விட்ட பிறகு. வெயில்கூட எட்டிப் பார்த்தது, முற்றத்தில் உடுப்புக் காயப்போட்டுவிட்டோம். மாவிலாற்றுக் கட்டு உடைந்தது என்று மச்சான் போன் எடுத்த பிறகுதான் மாட்டை அவிழ்த்தேன்.

கிண்ணியா மாணவன்:
நான் பல்கலைக்கழகத்தில் புவியியல் படிக்கிறேன். சுவரில் உள்ள சேற்றுக்கோட்டைச் சுண்ணாம்பு பூசி மறைக்க முதல் அளந்து வையுங்கள் அண்ணன். நிலத்திலிருந்து உயரம், தண்ணீர் ஏறிய நாள், மணி, இடத்தின் படம், இவ்வளவு போதும். ஆறு எங்கே எவ்வளவு ஏறும் என்று கணினியில் போடும் கணக்கு சரியா என்று பார்க்க ஆய்வாளர்கள் தேடுவது இந்த மாதிரிக் கோடுகளைத்தான்.

மூதூர் வயல்காரன்:
மகள் இப்போதுதான் நாடா பிடித்து அளந்தாள். 94 சென்டிமீட்டர். பக்கத்து வீட்டில் 81, அவர்களுடைய அத்திவாரம் உயரம். பள்ளிவாசல் சுவரை நாளைக்கு அளக்கிறோம், அங்கே அடுத்த கிழமை பெயின்ட் அடிக்கப்போகிறார்களாம்.