புதுப்பிப்பு: மார்த்தாண்டம் தேனுக்கு வளைகுடாவில் சந்தை இருக்கிறதா?

போன மாதம் இங்கே ஒரு கேள்வி கேட்டிருந்தேன். துபாயில் உள்ள 100 பேரிடம் வாட்ஸப்பில் கருத்துக் கேட்டிருந்தேன், பெரும்பாலானோர் வாங்குவோம் என்றார்கள், அதை நம்பி ஏற்றுமதியில் இறங்கலாமா என்பது கேள்வி. இறங்கவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

அந்த 100 பேரும் குழித்துறை, கருங்கல் பக்கத்து ஆட்கள், நம் சொந்தக்காரர்கள், அவர்களின் நண்பர்கள். ஊர்த் தேன் என்றால் யார் வேண்டாம் என்பார்கள்? குலுக்கல் முறையில் எடுத்த 100 பேர் என்றாலே பிழை வரம்பு, அதாவது கிடைக்கும் பதில் உண்மை நிலையிலிருந்து விலகக்கூடிய அளவு, சுமார் 10 சதவீதம் கூடவோ குறையவோ இருக்கும். அதைப் பாதியாக்க 200 பேர் போதாது, 400 பேர் வேண்டும். ஆனால் நான் கேட்ட ஆட்களின் தேர்வே ஒருபக்கமாகச் சாய்ந்தது. அப்படிப்பட்ட 4,000 பேரைக் கேட்டாலும் அதே தவறான பதில்தான் இன்னும் உறுதியாக வரும். எனக்கு இது புரியவே நாளாயிற்று.

அப்புறம் விலை. கடைகளில் விற்கும் தேன் விலைகளின் சராசரியைப் பார்த்து மகிழ்ந்திருந்தேன். விலை மிக அதிகமான நியூசிலாந்து மனுக்கா தேன் ஒன்றிரண்டு அதை மேலே இழுத்துவிட்டது. இடைநிலை, அதாவது விலைகளை வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் விலை, எடுத்தபோது விலை நன்றாக இறங்கியது.

இப்போது நாடுகளுக்கிடையிலான வணிகக் கணக்குகளைத் தொகுக்கும் ஐ.நா. காம்ட்ரேட் தரவில், தேனுக்கான 0409 என்ற சரக்குக் குறியீட்டில் தேன் வணிகத்தைப் பார்க்கிறேன். ஒரு நாட்டின் ஏற்றுமதிக் கணக்கும் மறுநாட்டின் இறக்குமதிக் கணக்கும் பொருந்தாவிட்டால் பதற வேண்டாம். இறக்குமதி மதிப்பில் பொதுவாகக் கப்பல் கூலியும் காப்பீடும் சேர்ந்திருக்கும்.

அடுத்து அரபியில் கேள்வித்தாள். ஒருவர் மொழிபெயர்க்க, மூலத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் தமிழுக்குத் திருப்பித் தருவார்; பொருள் மாறியிருந்தால் அதில் தெரிந்துவிடும். அரபி தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.