ஆறாம் வகுப்பு மகளுக்குத் தமிழ்க் கதை நூல்கள்: பரிந்துரை வேண்டுகிறேன்

அனைவருக்கும் வணக்கம். ஆங்கிலத்தில் இருநூறு பக்க நாவலை இரண்டே நாளில் முடித்துவிடும் என் மகள், தமிழ் நூல் என்றால் வரியின் மேல் விரலை வைத்து, நீண்ட சொற்களை எழுத்தெழுத்தாகக் கூட்டி, மூன்றாம் பக்கத்திலேயே களைத்துப் போகிறாள். நந்தனம் புத்தகக் காட்சியில் அரங்கு அரங்காகத் தேடியும், மழலையருக்கான படக்கதைகளும் பெரியவர்களுக்கான சரித்திர நாவல்களுமே கண்ணில் பட்டன. இடைப்பட்ட வயதுக்கானவை அரிதாகவே இருந்தன.

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவில் அமர்ந்து அவள் படித்த, 2023ஆம் ஆண்டுக்கான பால சாகித்திய புரஸ்கார் பெற்ற உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ மட்டும் அவளைப் பிடித்து வைத்தது. வீட்டுக்கு வந்ததும் வரைபடத்தை விரித்து, அந்தக் கதையில் வரும் கீழடி எங்கே இருக்கிறது என்று தேடினாள். அந்த ஆர்வம் ஆறிவிடக் கூடாது என்பதே என் கவலை.

துப்பறிதல், விலங்குகள், அறிவியல் புனைவு ஆகியவை அவளுக்குப் பிடிக்கும். 150 பக்கங்களுக்குள், எழுத்து சற்றுப் பெரிதாக இருந்தால் நல்லது. கடைசிப் பத்தியில் அறிவுரை சொல்லும் கதைகள் வேண்டாம். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் தாமாகவே இரண்டாம் முறை எடுத்துப் படித்த நூல் இருந்தால், அதன் பெயரையும் பதிப்பகத்தையும் அன்புகூர்ந்து தெரிவியுங்கள்.